கிரேக்கர் திருப்பி வைத்த ஜாடி

அரியலூரில் ஒரு கிரேக்கர் இருந்தார் என்றால் நம்பமாட்டீர்கள். சொந்த ஊர் திருமானூர். கொள்ளிடத்தைத் தவிர வேறு கடல் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் குமாஸ்தாவாக இருந்த சின்ன அருங்காட்சியகத்தில் அவர்தான் காவல்காரர். அங்கே இருந்தவை கல்லாகிப்போன நத்தைகள் நாற்பத்தொன்று, பழங்கால கிரேக்க ஜாடி ஒன்று. ஜாடி யாரோ ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் விட்டுப்போனது. ஒரு பக்கம் குதிரைமேல் ஒரு வீரன். மறுபக்கம் கோவணம்கூட இல்லாமல் ஓடுகிற மூன்று பேர். அதைப் பற்றி வேறு யாரையும் பேசவிடமாட்டார் என்பதால் ஊரே அவரைக் கிரேக்கர் என்றது.

செட்டிகுளத்திலிருந்து பார்க்க வந்தவர்களிடம், அந்த மூவரும் அவர்கள் ஊர் முருகன் மலைக்குப் பாதயாத்திரை போவதாகச் சொன்னார்.

"கோவணம் இல்லாமலா?" என்றேன்.

"வேண்டுதல் சார்."

அப்போது எனக்கு ஒரே கவலை என் மகள். பெண் பார்க்க மூன்று குடும்பங்கள் வந்து, பதினேழு தட்டுக் கேசரி சாப்பிட்டு, பதில் சொல்லாமல் போய்விட்டன. என்னைவிடச் சரியாகத் தெரு எண்ணிக்கொண்டிருந்தது.

"பாப்பாவை இங்க கூட்டியாங்க சார்," என்றார் கிரேக்கர். "புடிச்சா பொண்ணு பாக்க வந்தோம்பாங்க. புடிக்கலன்னா ஜாடி பாக்க வந்தோம்னுட்டுப் போயிடுவாங்க. யாருக்கும் அசிங்கமில்ல."

மீன்சுருட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அன்று காலையே கிரேக்கர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஜாடியைத் திருப்பிக் குதிரையை முன்னால் வைத்திருந்தார்.

"இது மாப்பிள்ளை அழைப்புங்கம்மா," என்று பையனின் தாயாருக்கு விளக்கமும் சொன்னார்.

பையன் என் மகளைப் பார்க்க வெட்கப்பட்டு, ஜாடியைச் சுற்றி வந்தான். பின்பக்கம் போனவன் சிரித்துவிட்டான். காரணம் தெரிந்த என் மகளும் சிரித்துவிட்டாள். தாயாரும் எட்டிப் பார்த்தார்.

"ஜாடி பாத்தாச்சு. கெளம்புடா!"

"கெடுத்துட்டியேய்யா!" என்று நான் கிரேக்கர்மேல் பாய்ந்தேன்.

அடுத்த ஞாயிறு பையன் மட்டும் வந்து நின்றான். "அன்னிக்கு ஜாடியைச் சரியாப் பாக்கலைங்க."

"ஜாடிக்கு இன்னிக்கு லீவு தம்பி," என்றார் கிரேக்கர். " பொண்ணு வூடு பின்தெருவுல. போறப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க."

அம்மா சம்மதிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

என் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. மணவறையில் ஐயர், "தாய்மாமன் யாருங்க? வாங்க," என்று கூப்பிட்டார். என் மனைவி நேராகப் பந்திக்குப் போனாள். அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கிரேக்கரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து நிறுத்தினாள்.

"எங்க அண்ணன்," என்றாள்.