மாற்று ஆட்டக்காரி களம் புகுந்த படலம்

வாழி அவள் பொறுமை. வாழி அவள் முதுகெலும்பு. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் பெண்டிர் அணியணியாய்த் திரண்டு அறுபத்துநான்கு கட்டங்களில் அரசரை வீழ்த்தியும் யானையைச் சாய்த்தும் ஆர்த்தெழுந்த சதுரங்கப் பெரும்போரில், பத்துச் சுற்று நெடுகிலும் ஒரு காலாளின் தலையைக்கூடத் தொடாமல், சிவப்புக் கயிற்றுக்கு இப்பால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியையே அரியணையாகவும், அதன் நொண்டிக் காலின் ஆட்டத்தையே தேரோட்டமாகவும் கொண்டு வீற்றிருந்த மருந்துக்கடைக்காரி வாழி.

அணிக்கு ஐவர், ஆடும் பலகைகளோ நான்கு. நால்வர் நலமாயிருக்கும்வரை ஐந்தாமவளுக்கு நாற்காலியே நாடு. ஆதலால் அணியினர் அவளை ‘அஞ்சாவது’ என்று அழைத்தனர். ‘அஞ்சாதவள்’ என்று திருத்தி வழங்கும் இக்காவியம்.

களத்தின் முகப்பிலே விளக்கொளி வெள்ளத்தில் படக்கருவிகள் சூழ வீற்றிருந்த பேரணிகளின் பெருமையைப் பாட வேறு புலவர்கள் உளர். நம் அணியின் மேசையோ, அரங்கின் கடைக்கோடியில், கழிவறைக்குப் போகும் வழிகாட்டிப் பலகைக்கும் குடிநீர்க் கேனுக்கும் நடுவே இருந்தது. யாரேனும் தண்ணீர் பிடிக்குந்தோறும் அந்தக் கேன் வயிற்றிலிருந்து எழும் ‘குளுக்’ என்ற ஓசையே அவர்களுக்குப் போர்முரசு. கடைசியிலிருந்து எண்ணினால் விரைவில் கண்டுபிடித்துவிடக்கூடிய இடத்தில் அணி நின்றது. தங்கள் புள்ளிகளை யாரும் கேட்காதவரை அவர்கள் மிகுந்த தன்னம்பிக்கையோடு இருந்தார்கள்.

அஞ்சாதவளின் வெற்றிடமான போர்வாழ்வுக்குக் காரணம் எதிரிகளல்லர். அவள் தோளில் தொங்கிய பைதான். பழுப்பு நிறம், மூன்று அறை, நடுவறைக்கு ஜிப். அந்த ஜிப்பைத் திறந்தால் காய்ச்சல் நடுங்கும், தலைவலி தலைமறைவாகும், வயிற்றோட்டம் ஓட்டத்தை நிறுத்தும். இரண்டாம் நாள் முதற்பலகைக் கல்லூரி மாணவிக்கு ஒற்றைத் தலைவலி. அஞ்சாதவள் ஜிப்பைத் திறந்தாள், மாணவி எழுந்து ஆடினாள். நான்காம் நாள் இரண்டாம் பலகை வங்கி ஊழியைக்கு வயிறு சரியில்லை. ஜிப் திறந்தது, வங்கி ஊழியை ஆடினாள். ஆறாம் நாள் மூன்றாம் பலகையாளுக்குப் பல்வலி. அவள் தொழிலால் பல் மருத்துவர் என்பதை எண்ணி ஊர் சிரித்துக்கொண்டிருக்க, அஞ்சாதவள் சிரிக்காமல் ஜிப்பைத் திறந்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் யானையைப் போல, தான் ஏறவேண்டிய நாற்காலிகளையெல்லாம் தன் கையாலேயே உடையவர்களுக்கு மீட்டுக் கொடுத்த இத்தகைய வள்ளலை முன்னும் பின்னும் கண்டவர் இல்லை.

ஒன்பதாம் நாள் மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் ஒரு சொல் அவள் செவியில் ஈட்டியாய்ப் பாய்ந்தது. அணித்தலைவர், தபால் நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் முத்திரை குத்திய கையர், வேற்றணித் தலைவர் ஒருவரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

“எங்க அஞ்சாவதுக்கு என்ன குறை சார். அவங்க பை ஒண்ணு போதும். அதுக்காகத்தானே கூட்டிட்டு வந்தேன்.”

ஆக, தேர்ந்தெடுக்கப்பட்டது பை. அதைத் தூக்க ஒரு தோள் வேண்டியிருந்ததால் அவளும் வந்திருக்கிறாள்.

இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. புறப்பட்ட நாளில் தன் கடைக் கதவில் அவள் தன் கைப்பட, பச்சை ஸ்கெட்ச் பேனாவால், “சர்வதேசப் பெண்கள் சதுரங்கப் போட்டியில் விளையாடச் செல்வதால் பதினைந்து நாள் கடை விடுமுறை” என்று எழுதி ஒட்டியிருந்தாள். ‘செல்வதால்’ என்று மட்டும் எழுதியிருந்தால் தொல்லையில்லை. ‘விளையாட’ என்ற நாலெழுத்துதான் இப்போது நாலு பேர் முன்னால் நிற்கப்போகிறது. ஒரு சுற்றாவது ஆடியவர்க்கே சான்றிதழ் என்பது போட்டியின் இரும்புச் சட்டம். மாலைதோறும் கணவன் தொலைபேசுவான். “ஆடினியா?” என்பான். “நாளைக்கு” என்பாள். பத்து நாளைக்குப் பத்து ‘நாளைக்கு’. இனி எஞ்சியிருப்பது ஒரே நாளை.

இத்தோடு விதி நின்றதா என்றால், இல்லை. நான்காம் பலகையில் வீற்றிருந்தவள் யார் என்று நினைக்கிறீர்கள்? அவளுடைய சொந்த நாத்தனார். கணவனின் தங்கை, அதே வீட்டு மாடியில் குடியிருப்பவள், கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் ஆசிரியை. ஊரில் பாதிப்பேருக்கு பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவள், தன் வாய்க்கு மட்டும் அதைப் பொருத்தியதில்லை. தேர்வுப் போட்டியில் அண்ணியை அரைப் புள்ளியில் முந்தி நான்காம் பலகையைக் கைப்பற்றியவள் அவளே. அந்த அரைப் புள்ளியை அவள் வீட்டில் தாளிக்காத நாளில்லை. நடுவில் கிடந்த கணவனோ இருதலைக்கொள்ளி எறும்பாய், மாடிக்கு ஒரு வாழ்த்தும் கீழ்த்தளத்துக்கு ஓர் ஆறுதலும் சொல்லிக் காலம் தள்ளினான்.

புலர்ந்தது பதினோராம் நாள். விடுதியின் உணவுக்கூடத்திலே, ரொட்டி வாட்டும் எந்திரம் தன் இரு நாவையும் நீட்டிய எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்திலே, எழுந்தது ஒரு தும்மல்.

சாதாரணத் தும்மலா அது? கரையுடைத்த ஏரியென, கடிவாளம் அறுத்த குதிரையென, தேக்கரண்டிகள் சிலிர்க்க, காகிதக் கைக்குட்டைகள் புறமுதுகிட்டோட, நாத்தனாரின் நாசியெனும் இரட்டைக் குகையிலிருந்து புறப்பட்டு, எதிரே அமர்ந்திருந்த வங்கி ஊழியையின் முட்டையைக் கடந்து, அஞ்சாதவளின் இதயக்கோட்டைக் கதவில் வந்து முட்டிற்று. இரண்டாம் தும்மல் வந்தது. மூன்றாவது வந்தபோது அஞ்சாதவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். இருபது ஆண்டுகள் கல்லாப்பெட்டிக்கு இப்பாலிருந்தே தும்மலின் குலங்கோத்திரம் அறிந்தவள் அவள். தூசியால் வந்ததா, பூனையால் வந்ததா, வேலைக்கு மட்டம் போட வந்ததா என்று ஓசையிலேயே பிரிப்பாள். இது சளி. முதல் நாள் சளி. மாலைக்குள் மூக்கு அடைத்து, கண் கலங்கி, யானைக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் சளி.

“யாரு தும்மினது?” என்று அணித்தலைவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வினவினார்.

“மிளகுத்தூள் சார்” என்றாள் நாத்தனார்.

மேசையில் மிளகுத்தூளே இல்லை. இதை அங்கிருந்த ஐவரில் ஒருத்திதான் கவனித்தாள். கவனித்தவள் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காதது பெருந்தன்மையா, பெருந்திட்டமா என்பது அவளுக்கே அந்நேரம் தெளிவாயில்லை.

காலை பத்து மணிக்குள் அன்றைய நால்வர் பட்டியலை எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் முந்தைய நாள் பட்டியலே நிற்கும். ஆகவே பகல் மூன்று மணிக்கு நடக்கவிருந்த ஆட்டம் வெறும் ஆட்டம். உண்மைப் போர் அந்த எட்டேகாலுக்கும் பத்துக்கும் இடையே நடந்தது. ஒருபுறம், தும்மலை உள்ளுக்குள்ளேயே விழுங்கி, கண்கள் பிதுங்க, கன்னங்கள் பலூனாய்ப் பொங்க, கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்த நாத்தனார். மறுபுறம், அவள் பின்னாலேயே நிழலாய்த் தொடர்ந்து, அடுத்த தும்மலுக்குச் செவி சாய்த்து, கொக்கொக்கக் காத்திருந்த அண்ணி. இதற்கிடையில் அஞ்சாதவளின் வலக்கை செய்த துரோகத்தையும் சொல்ல வேண்டும். பழக்க தோஷத்தால் அது தானாகவே ஜிப்பை நோக்கி ஊர்ந்தது. இடக்கை பாய்ந்து அதைப் பிடித்தது. ஓருடலின் இரு கைகளும் ஒரு ஜிப்பின் மேல் நடத்திய அந்தத் துவந்த யுத்தத்தைக் கண்ட பல் மருத்துவர், “என்னக்கா, கை வலிக்குதா?” என்று கேட்டாள்.

மணி ஒன்பது நாற்பது. அறைக் கதவு தட்டப்பட்டது.

“அண்ணி, ஒரு மாத்திரை குடுங்க. சார்கிட்ட சொல்லிடாதீங்க.”

கதவருகே, மூக்கு மிளகாயாய்ச் சிவந்து, மானம் விட்டு நின்றாள் நான்காம் பலகையின் நாயகி. மாடிப்படியில் அரைப் புள்ளியை ஆயிரம் முறை உருட்டிவிட்ட அதே வாய், இப்போது ‘அண்ணி’ என்ற சொல்லை வெண்ணெயில் தோய்த்து நீட்டிற்று.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், பலகை அவளுடையது. கதவை மெல்லச் சாத்தினாலும் போதும். ஆனால் நோயென்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழகாதவள் அவள். மீன் நீந்துவதைப் போல, ஜிப் திறந்தது. தூக்கம் தராத மாத்திரைகளெல்லாம் முன்னைய சுற்றுகளிலேயே தலைவர் உள்ளிட்டோர் மூக்குகளுக்குப் பலியாகியிருந்தன. கிடந்தது ஒரே அட்டை, தூக்கம் வரவழைக்கும் வகை.

“ஒண்ணே ஒண்ணு போடு. தூக்கம் வரும். போட்டுட்டு வண்டி ஓட்டக்கூடாது.”

“இங்க நான் என்னத்த வண்டி ஓட்டப்போறேன்?”

“தூக்கம் வரும்னு சொன்னேன்.”

“அதெல்லாம் உங்க கடைக்கு வர்ற கிழடுங்களுக்கு வரும் அண்ணி” என்று கூறி, இரண்டைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு, அண்ணியின் தண்ணீரையே குடித்துவிட்டுப் போனாள்.

சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள், கடமை முடிந்தது. இரண்டாம் முறை சொன்னபோது அவள் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதில் மட்டும் குடும்பத்தாரிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு.

ஒன்பது ஐம்பத்தைந்து. வரவேற்புக்கூடத்துச் சோபாவில் பட்டியல் சீட்டை முழங்கால்மேல் விரித்து, பேனாவை முத்திரைக் கட்டையைப் போல் ஓங்கியிருந்தார் அணித்தலைவர். முதற்பலகை எழுதப்பட்டது. இரண்டு, மூன்று எழுதப்பட்டன. நான்காம் பலகையின் நாயகியோ அவர் பக்கத்திலேயே அமர்ந்திருந்தாள். வாய் சற்றே திறந்திருக்க, அவள் தலை மெல்ல மெல்லச் சாய்ந்து, அவருடைய சட்டைப்பையில் வந்து தங்கிற்று.

“ஏம்மா.”

முத்திரை குத்திய கை அவள் தோளைத் தட்டிற்று.

“ஏம்மா, மணி ஆகுது, எந்திரிம்மா.”

“பிரேக்கை மிதிங்க,” என்றாள் அவள், கண் திறவாமல். “கிளட்ச். கிளட்சுன்னா கிளட்ச்.”

தலைவர் அவளைப் பார்த்தார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், பின், பத்து நாளில் முதன்முறையாக, பைக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தார். தாமதமாய் வந்த தபாலை மட்டும் மன்னியாத அந்த மகான், “அஞ்சாவது, நீங்க உக்காருங்க” என்று உலகறியப் பிரகடனம் செய்து, ஒரே குத்தாகப் பெயரை எழுதி, சீட்டை உயர்த்திப் பிடித்தபடி வேட்டைநாய் வியக்க ஓடினார். அவர் எழுந்ததும் நாத்தனாரின் தலை சோபாவில் சாய்ந்து தொடர்ந்து உறங்கிற்று.

பகல் மூன்று மணி. பையைப் பாதுகாப்பு மேசையில் ஒப்படைத்துவிட்டு, தோள் இலேசாக, சிவப்புக் கயிற்றைக் கடந்தாள் அஞ்சாதவள். பத்து நாள் எட்டியிருந்தே பார்த்த மரநாற்காலியில் அமர்ந்தாள். நாற்கால்களும் தரையில் ஊன்றியிருந்தன. கேன் ‘குளுக்’ என்று முழங்கியது. கடல் பிளக்கக் கைநீட்டிய வேந்தனைப் போல் அவள் கைநீட்டி, அரசனுக்கு முன் நின்ற காலாளை எடுத்து, இரண்டு கட்டம் முன்னே வைத்தாள். அவ்வளவுதான், பச்சை ஸ்கெட்ச் பேனா எழுதிய வாக்கு நிறைவேறியது. அதன்பின் நடந்ததைக் காவியம் விரைந்து கடக்கும். பழக்கமற்ற விரல்களால் அவள் தன் குதிரைகளை எதிரிக்குப் பரிசளித்தாள். யானை ஒன்றை வழியனுப்பினாள். பத்தொன்பதாம் நகர்த்தலில் தன் அரசனையே எதிரணியின் நிரந்தர விருந்தினனாக அனுப்பிவைத்து, கைகுலுக்கினாள். மற்ற மூவரும் வென்றுவிட்டதால் அந்தத் தோல்வியை யாரும் தேடவில்லை.

அவள் தேடியது ஒன்றைத்தான். தலை நிமிர்ந்தபோது அது கிடைத்தது. சிவப்புக் கயிற்றுக்கு அப்பால், நொண்டிக்கால் பிளாஸ்டிக் நாற்காலியில், கன்னத்தில் சோபாவின் தையல் பதிந்திருக்க, பாதுகாப்பு மேசையிலிருந்து வாங்கிவந்த பழுப்புநிறப் பையை மடியில் கட்டிக்கொண்டு, தும்மியபடி அமர்ந்திருந்தாள் நாத்தனார்.

“என் தூக்கத்துல விளையாடினவங்க” என்று அவள் இன்றும் மாடிப்படியில் நின்று சொல்வதுண்டு. சொல்லட்டும். சான்றிதழ் சொல்வதை அவளால் அழிக்க முடியாது. பெயரில் ஓரெழுத்து பிழையாய் இருந்தாலும் அது அச்சிட்ட எழுத்து.

பதினாறாம் நாள் காலை, கண்ணாடிச் சட்டமிட்ட அந்தச் சான்றிதழை மார்பிலே கவசமென அணைத்து, வெற்றிவாகை சூடிய வேந்தர் நகர்புகுந்தாற்போல் தெருவுக்குள் நுழைந்து, பச்சையெழுத்து வெளிறிய அறிவிப்பைக் கிழித்தெறிந்து, இடியென முழங்கக் கதவை மேலேற்றி, இருமல் மருந்து அடுக்குக்கு நேர்மேலே சான்றிதழை மாட்டி, வாசலில் அந்நேரத்துக்கே கூடிவிட்ட எழுவர் பக்கம் திரும்பி, முதற்காலாள் நகர்ந்த கணத்திலிருந்து தொடங்கிப் போர்க்கதை முழுவதையும் எடுத்துரைக்கத் தொண்டையைக் கனைத்து அவள் வாய் திறக்கையில், வரிசையில் முதலில் நின்றவர் சான்றிதழை அண்ணாந்து பார்த்தார், பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சளிக்கு மாத்திரை இருக்கா?”