போய்த் திரும்பிய புரதமும் கோட்டுப் போட்டுப் போன நானும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் மகளும் நலம். அங்கே தாங்களும் தங்கள் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியப்படுத்தவும். போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. போனில் நான் வாயைத் திறந்தால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துகிறாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் மகளைப் பற்றியது. அவள் ஐந்து வருஷமாக ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு புரதத்தோடு மல்லுக்கட்டுவது தங்களுக்குத் தெரியும். அந்தப் புரதம் செல்லின் நடுவில் இருக்கிற உட்கருவுக்குள் போய் வேலை செய்யும் என்பது அவள் கட்சி. அதில் பச்சையாக ஒளிரும் ஒன்றை ஒட்டிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உட்கருவுக்கு வெளியே ஒரே பச்சை, உள்ளே கும்மிருட்டு. இந்த மாதக் கடைசிக்குள் உள்ளே காட்டாவிட்டால் அந்தப் புரதத்தையே விட்டுவிட்டு வேறு வேலை பார் என்று அவளுடைய தலைமை அம்மா சொல்லிவிட்டார். பெண் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். எதுவும் கேட்காதீர்கள் என்று உங்கள் தங்கை எனக்கு உத்தரவு போட்டாள். மச்சான், நான் முப்பத்து நாலு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போ போச்சு, எப்போ வந்துச்சுன்னு கேக்கறதே என் பிழைப்பு. நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அஞ்சாம் நாள் கேட்டுட்டேன்.

ஆச்சரியம், அவள் கோபப்படவில்லை. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் படம் போட்டாள். உட்கருவைச் சுத்தி ரெட்டைச் சுவராம், அதில் ஆயிரக்கணக்கில் வாசலாம். பொடி சாமான்கள் தானே நுழைஞ்சுடும். பெரிய புரதம்னா அதன் உடம்பிலேயே விலாசம் எழுதியிருக்கணும். அந்த விலாசத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஒரு சுமை தூக்கி வந்து புரதத்தைப் பிடிச்சு வாசல் வழியா உள்ளே கொண்டுபோகும். உள்ளே இன்னொரு ஆள் காத்திருந்து சுமை தூக்கியைப் பிடிச்சுக்குமாம், உடனே அது சுமையைக் கீழே போட்டுட்டு அந்த ஆளோடேயே வெளியே திரும்பிடும். வெளியே வர்ற புரதத்துக்கு வேற விலாசம், வேற சுமை தூக்கி. நம்ம புரதத்தில் உள்ளே போகிற விலாசம் தெளிவாக இருக்கிறதாம், இருந்தும் போக மாட்டேன் என்கிறதாம்.

எனக்கு இது பிடித்துப்போய்விட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். முடிவெட்டுகிறவர் ஒரு பக்கம் வெட்டி முடித்ததும், மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று துண்டை உதறிவிட்டார். உங்கள் தங்கைக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில் டாக்டருக்கு விளக்கினேன். அவர் பட்டையை அவள் கையிலிருந்து அவிழ்த்து என் கையில் சுற்றினார்.

போன செவ்வாய்க்கிழமை மகள் மூக்குக்கண்ணாடியை மறந்து போய்விட்டாள். வாசல்லயே குடுத்துட்டுத் திரும்பி வரணும், உள்ள போய் வாயைக் குடுக்கக் கூடாது என்று உங்கள் தங்கை சொல்லித்தான் அனுப்பினாள். குளிராக இருந்ததால் ஓய்வு பெற்ற அன்று போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்த பெண் என்ன விஷயம் என்று கேட்டாள். உட்கருவுக்குள் போகாத புரதம் சம்பந்தமாக என்றேன். பொய்யில்லையே. அவள் எழுந்து நின்று, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க என்று ஒரு அட்டையை என் கழுத்தில் மாட்டி, நேரே கூட்ட அறைக்குக் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்கார்த்திவிட்டாள். வெளியூரிலிருந்து வரவேண்டிய பேராசிரியர் என்று நினைத்துவிட்டாளாம். மேடையில் மகள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. எழுந்து போயிருக்கலாம்தான், ஆனால் யாரோ சூடாகக் காபி கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார்கள்.

அவள் படம் படமாகக் காட்டினாள். எல்லாத்துலயும் வெளியே பச்சை. கடைசியில் தலைமை அம்மா என் பக்கம் திரும்பி, விருந்தினர் என்ன நினைக்கிறீர்கள் என்றார். அறையில் எட்டுப் பேரும் என்னையே பார்க்கிறார்கள். காபியைக் கீழே வைத்தேன். அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சாயங்காலம் ஒரு வண்டி டிப்போல நிக்குதுன்னா, அது அன்னைக்கு லைனுக்கே போகலைன்னு சொல்ல முடியாதுங்க. போயிட்டுத் திரும்பி வந்தும் நிக்கலாம். இது உள்ள போகவே இல்லையா, போன வேகத்துல வெளிய வந்துடுதா?"

தலைமை அம்மா மகளிடம், வெளியேறும் வழியை அடைத்துப் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். அதற்குள் நிஜப் பேராசிரியர் கழுத்தில் அட்டை இல்லாமல் வந்து நின்றார். அடுத்து என் மகள் "இவர் எங்கப்பா" என்று எல்லாருக்கும் சொன்னாள். நான் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டுக் கும்பிட்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெளியே கூட்டி வருகிற சுமை தூக்கியை ஒரு மருந்தால் முடக்கிவிட்டுப் பார்த்தால், மச்சான், உட்கரு ஒவ்வொன்றும் பச்சைப் பசேலென்று ஒளிர்கிறது. புரதம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. தங்க விடாமல் வெளியே இழுத்து வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். தலைமை அம்மா கெடுவை எடுத்துவிட்டார். மகள் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு தரம் சோறு கேட்டாள். உங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள். அன்று சமையலில் வெங்காயமே இல்லை.

ஆக, ஐந்து வருஷச் சிக்கலை அவிழ்த்தது ஒரு டைம் கீப்பரின் ஒற்றைக் கேள்வி என்பதைத் தாங்கள் உறவினர் அனைவருக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நானே சொன்னால் தற்பெருமை ஆகிவிடும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். முழங்காலைத் தொங்கவிடாமல் நீட்டி வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கையின் கணவன்

பி.கு.: எழுத்துப் பிழை பார்க்க இதை மகளிடம் கொடுத்தேன். முழுதும் படித்து இரண்டு இடத்தில் சிரித்தாள். பிறகு, "அப்பா, அந்த மருந்தைப் போன மாசமே நான் வரவழைச்சுட்டேன். அன்னைக்குக் காலையில செல்லுல ஊத்தி வெச்சுட்டுத்தான் கூட்டத்துக்கே வந்தேன்" என்றாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எட்டுப் பேர் முன்னாடி எங்கப்பா சரியான கேள்வி கேட்டாரு. நடுவுல நான் எதுக்குப் பேசணும்?" என்றாள். ஆகவே மச்சான், மேலே உள்ள பெருமையை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். சரியான கேள்வி என்று அவள் சொன்னதை மட்டும் அடிக்க வேண்டாம்.