வெளியில் சாக வேண்டிய ராசா

அரைகுறையாகப் படித்தவன் கையில் மேடையைக் கொடுக்கக் கூடாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் பல்கலைக்கழகத்தில் கிரேக்கத் துன்பியல் நாடகம் பற்றிச் சில விரிவுரைகள் கேட்டேன் (ஒன்றில் நல்ல நித்திரை). அவ்வளவுதான், புலம்பெயர்ந்து நாங்கள் குடியிருந்த ரொம்சோஸ் பகுதித் தமிழர்களுக்கு அதைக் காட்டாமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், கலை ஒரு சாட்டு. செல்வராசா ஐயாவின் மகள் வாசுகியும் நானும் விரும்பியிருந்தோம். ஐயாவுக்குத் தெரியாது. அவர் ஊரில் கூத்தாடியவர். மேடையில் அவர் செத்தால் பக்கத்து ஊரும் அழும் என்று பேர். அவருக்கு ராசா வேஷம் கொடுத்து, மனம் குளிர வைத்து, பிறகு பெண் கேட்பது என் திட்டம்.

ஒத்திகையின் முதல் நாளே கேட்டார்:

"தம்பி, நான் எப்ப சாகிறன்?"

"கடைசியிலை, ஐயா. ஆனா மேடையிலை இல்லை. கிரேக்க முறையிலை சாவைக் காட்டக் கூடாது. நீங்கள் வெளியிலை போய்ச் சாவியள். தூதுவன் வந்து சனத்துக்குச் சொல்லுவான்."

"நான் செத்ததை அவன் சொல்லுறதோ? நான் என்ன மாதிரிச் செத்தனான் எண்டு அவனுக்கென்னண்டு தெரியும்?"

நான் விரிவுரைக் கொப்பியைப் புரட்டினேன். (பதில் நித்திரை கொண்ட விரிவுரையில் இருந்திருக்கலாம்.)

பாடற்குழுவில் முகமூடி போட்ட பெண்கள், வாசுகி உட்பட. ஓரமாக நின்று நடப்பதற்கெல்லாம் கருத்துச் சொல்ல வேண்டும். எதையும் தடுக்கக் கூடாது. எங்கள் சனத்துக்கு இதைப் பழக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு நான் விளக்கினேன்: "நாயகன் நல்லவன்தான். ஆனா செருக்கு. ஆர் புத்தி சொன்னாலும் கேக்கமாட்டான். அதாலைதான் விழுவான்." எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கவனமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அப்பாவை ஒரு பாட்டோடை மேடையிலையே சாக விடுங்கோ," என்றாள் வாசுகி, என்னைத் தனியே இழுத்து. "இல்லாட்டி எங்கட கலியாணம் சரிவராது."

"முறை எண்டா முறைதான்," என்றேன். மடையன்.

அன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. ராசா சாக வெளியே போனார். தூதுவன் வரவேண்டும். தூதுவனோ பஸ் ஓட்டுநர். வெளியே கொட்டிய பனியில் அவருடைய பஸ் எங்கேயோ நின்றுவிட்டது. பாடற்குழு பாடியதையே திரும்பவும் பாடியது.

"ராசாவுக்கு என்ன நடந்தது? ஆராவது சொல்லுங்கோவன்!" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"எங்களுக்கும் தெரியாது!" என்றது பாடற்குழு.

அப்போது ஐயா நெஞ்சைப் பிடித்தபடி, கக்கத்தில் வாளைச் செருகிக்கொண்டு மேடைக்கு வந்தார். கூத்து மெட்டில் ஒரு இழுவை இழுத்தார். சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. புத்தியுள்ளவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பான். நான் மைக்கும் கையுமாக மேடைக்கு ஓடினேன்.

"மாமா! இஞ்சை சாகக் கூடாது! வெளியிலை போய்ச் சாகுங்கோ!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. ஐயா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஆரடா உனக்கு மாமா?"

பாடற்குழுவின் முகமூடிகள் எல்லாம் ஒன்றாக வாசுகிப் பக்கம் திரும்பின. நாயகன் விழுவதும் மறைந்திருந்த உண்மை வெளிப்படுவதும் ஒரே கணத்தில் நடந்தால்தான் உத்தமமான நாடகம் என்று விரிவுரையில் சொல்லியிருந்தார்கள்.

ஐயா என்னைத் தள்ளிவிட்டு, முழுப்பாட்டும் பாடி, ஆற அமரச் செத்தார். சனம் மூக்கைச் சிந்தியது. அந்த நேரம் பார்த்துப் பின்கதவால் பஸ் சீருடையோடு தூதுவன் ஓடிவந்து, "ராசா செத்துப்போனார்!" என்றார்.

"தெரியும்!" என்றது மண்டபம்.

ஐயா நெடுநாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் வாசுகியிடம் சொன்னாராம்: "அவனுக்கு நாடகம் தெரியாது. ஆனா பயத்திலையும் மாமா எண்டு கூப்பிட்டவன். வரச்சொல்லு."

அன்றிலிருந்து இருபது வருடமாக, வீட்டில் சப்பாத்துப் போடும்போதெல்லாம் மாமா குரல் கொடுப்பார்: "மருமோன், வெளியிலை போறன். சாக இல்லை, நடக்க."

போன மாரியில் அவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை. கட்டிலை உள்ளே தள்ளும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா என் கையைப் பிடித்தார்.

"பயப்பிடாதையும் மருமோன். சனம் பாக்காத இடத்திலை நான் சாகமாட்டன்."

கதவு மூடியது. உள்ளே நடப்பதை யாரோ வந்து சொல்லும்வரை வெளியே காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் தாதி வந்தாள்; சிரித்துக்கொண்டே வந்தாள்.