குழாய்க்குள் பேசிய மைக்செட்

திண்டுக்கல்லிலேயே பேயை வேலைக்கு வைத்துத் தண்ணீர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் தெரு மைக்செட்தான். கல்யாணம், காதுகுத்து, தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆத்தூர் அணையிலிருந்து கிளம்பும் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் நுழையும். கடைசி வரை வராது. மேட்டு வீட்டுக்காரர்கள் பைப்பிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிவிடுவார்கள். கடைக்கோடியில் இருப்பது மைக்செட் வீடும் என் வீடும். எங்கள் குழாயில் உள்ளங்கையை வைத்தால், தண்ணீர் வருவதற்குப் பதில் கையை உள்ளே இழுக்கும். தரைக்கடியில் யாரோ தாகத்தோடு படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். பட்டப்பகலிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

எனக்காவது குடம் தூக்கும் இடுப்புவலியோடு போயிற்று. மைக்செட்டின் மனைவி ஆரோக்கியம் அக்கா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. தினமும் உடம்பு துடைக்க வேண்டும், துணி அலச வேண்டும். தண்ணீர் இல்லாத நாளில் அக்கா வெட்கப்பட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதை மைக்செட்டால் தாங்க முடியாது.

மாநகராட்சியில் புகார் கொடுத்தார். ஆபீசிலிருந்து ஆள் வந்தபோது தெருவில் ஒரு மோட்டாரும் இல்லை. முதல் வீட்டு டீச்சரம்மா தன் மோட்டாரைக் கட்டிலில் கிடத்திப் போர்வை போர்த்தி, "சத்தம் போடாதீங்க சார், பாப்பா தூங்குது" என்றாராம். அந்த வீட்டில் பாப்பாவே கிடையாது.

தண்ணீர் விடும் நாளில் எங்கள் தெருவில் எல்லோரும் குழாயைத் திறந்தே வைத்திருப்போம். காற்று சீறியதும் குடத்தோடு ஓடலாம். அப்படியொரு நாள் உச்சி வெயிலில், கடுப்பு தாங்காமல் காலிக் குழாயில் வாயை வைத்து மைக்செட் கண்டபடி ஏசினார். தெரு மேட்டில் டீச்சரம்மா வீட்டில் பாத்திரம் உருளும் சத்தமும் ஒரு அலறலும் கேட்டன.

மைக்செட் என்னைப் பார்த்தார். "அப்பு, இம்புட்டு நாளா வயரே இல்லாத லைன் ஒண்ணு நம்ம வீட்டுல கிடந்திருக்கே!"

அதன்பின் தெருவில் குழாய்கள் பேச ஆரம்பித்தன. "தொண்டை காயுது... மோட்டாரை எடு..." பைப்புக்குள் ஊர்ந்து வந்த குரலை மனுஷக் குரல் என்றே சொல்ல முடியாது. மைக்செட் பேசுவதை மதில் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த நானே, என் குழாயில் அது வந்தபோது நடுங்கினேன். குழாய்க்குக் குழாய் வேப்பிலை கட்டினார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மோட்டாரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எங்கள் தெரு அப்படி.

கடைசியில் டீச்சரம்மா துணிந்து குழாயிடமே கேட்டுவிட்டார். "யாரு நீ?"

"உன் மாமனார்."

"மாமாவா?"

"உசிரோட இருந்தப்ப ஒரு சொம்புத் தண்ணி கேட்டா முறைப்பியே தாயி! இப்பவாச்சும் விடு."

மோட்டார் அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போனது. மற்றவர்களும் அவரவர் மாமனாரை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டாராகக் கழன்றது. கடைசி வீடு வரை தண்ணீர் வந்தது. மைக்செட் அக்காவைத் தலைக்குக் குளிப்பாட்டி, வாசலில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். அக்கா தெருவைப் பார்த்துச் சிரித்தார். பேய் யாரென்று போகப்போக எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் சண்டைக்குப் போகவில்லை.

போன மாதம் அக்கா போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து வந்த மைக்செட் சோற்றைத் தொடவே இல்லை. நான் கொண்டுபோன சோறும் வெஞ்சனமும் வைத்த இடத்திலேயே காய்ந்தன. மனிதர் அக்கா பின்னாலேயே கிளம்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்து தண்ணீர் விடும் நாள் மத்தியானம், என் வீட்டுக் குழாயில் அவர் குரல் வந்தது. மிரட்டலாக இல்லை, மெதுவாக.

"ஆரோக்கியம்... தண்ணி போதுமா?"

செத்த நேரம் கழித்து அதே குழாயில் ஒரு பெண் குரல். நாக்கு குழறிய, அக்காவுடையதைப் போன்ற பேச்சு.

"போதுங்க. நீங்க போயிச் சாப்பிடுங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மைக்செட் குழாயடியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே, நான் காலையில் வைத்த சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் டீச்சரம்மாவைப் பிடித்தேன். "நேத்துப் பேசுனது நீங்கதானே?"

"நானா? நேத்துப் பூரா ஆயக்குடியில தங்கச்சி வீட்டுல இருந்தேன்" என்றார். மற்ற வீடுகளிலும் கேட்டுவிட்டேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பேய் இருக்கிற தெருவில் நான் குடியிருந்துவிடுவேன். மைக்செட் இல்லாத தெருவில் என்னால் இருக்க முடியாது.