பாய்லர் வாங்கிய எண்ணெய் டேங்க்

மே மாத வெயிலில், வெந்நீர் போடுவதற்காக வீட்டில் ஆயிரம் லிட்டர் டீசல் டேங்க் வைக்க ஆசைப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ஹவுஸ் ஓனர்.

வல்லம் வடகாலில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் பன்னிரண்டு பேர் குடியிருந்தோம். எல்லோரும் தென்மாவட்டம், எல்லோருக்கும் ஒரகடத்தில் வேலை. ஓனர் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் பாய்லர் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரே அவரை ‘பாய்லர்’ என்றுதான் கூப்பிடும். அவர் பேச்சில் எல்லாவற்றுக்கும் பிரஷர் உண்டு. மனைவி கோபமாக இருந்தால் மாடிக்கு வந்து, “கீழ எட்டு கிலோ ஏறிக்கினு கீது, கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன்” என்பார்.

மூடிப்போன ஒரு லாட்ஜிலிருந்து டீசலில் ஓடும் வெந்நீர் பாய்லர் ஒன்றை அவர் வாங்கி வந்த நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கீசர் வாங்கியிருக்கலாமே என்று கேட்டோம். கரன்ட் வெந்நீரில் சூடு உண்டு, ஆவி கிடையாது என்று விளக்கினார். எங்களுக்குப் புரியவில்லை. ஓனரம்மாதான் உண்மையைச் சொன்னார். என் ரூம்மேட் சேவியருக்கு இளைப்பு உண்டு. டிசம்பரில் அவன் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்காகப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு இளைப்பதை இவர் கீழே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாராம். அடுத்த டிசம்பருக்குள் பன்னிரண்டு பேருக்கும் வெந்நீர் என்று அன்றே முடிவாகிவிட்டதாம்.

பாய்லர் வந்துவிட்டது. அது குடிக்கும் எண்ணெய்க்கு டேங்க் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் சேவியரையும் கூட்டிக்கொண்டு அவர் டேங்க் பார்க்கக் கிளம்பினார். பெண் பார்க்கப் போவதுபோல இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு ஸ்பேனர்.

முதலில் பார்த்தது மொட்டைமாடியில் வைக்கிற பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க். டீசலைக் குடித்தால் நாளாவட்டத்தில் இதற்கு வயிறு ஊதிவிடும் என்று தள்ளினார். அடுத்தது ஒரு பழைய இரும்பு டேங்க். ஸ்பேனரால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். “இருமுது. உள்ள துரு கீது” என்றார். மூன்றாவது, பால் பண்ணையிலிருந்து வந்த பளபளப்பான ஸ்டீல் டேங்க். கடைக்காரர் அதன் பெருமையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டவர், பால் குடிக்க என் பாய்லர் கைக்குழந்தை இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பென்னலூர் பக்கத்துக் காயலான் கடை ஒன்றில் நாலாவது அமைந்தது. ஏதோ ஒரு கம்பெனிக்காகச் செய்து, அந்தக் கம்பெனி வராமலே போனதால் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் பார்க்காத டேங்க். டேங்குக்குள் டேங்க். உள்ளே இருப்பது ஓட்டையானாலும் வெளியே இருப்பது பிடித்துக்கொள்ளும். பாய்லர் அதை மூன்று சுற்று சுற்றினார். வெல்டிங்கை உள்ளே பார்க்காமல் எடுக்க முடியாது என்று சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மேலிருந்த ஓட்டை வழியாக இறங்கினார். வெளியே வரும்போது வயிறு மாட்டிக்கொண்டது.

முக்கால் மணி நேரம் உள்ளேயே இருந்தார். கொஞ்சமும் கவலைப்படவில்லை. ஒவ்வொரு வெல்டிங்காகத் தடவி, அதைச் செய்தவனைப் பாராட்டி, கோயில் மணிபோல முழங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் பயந்துபோய் டேங்கை அறுத்துவிடலாம் என்றார். உள்ளே இருந்து உடனே பதில் வந்தது.

“டேங்க் மேல கை வெச்சீன்னா நடக்கறதே வேற. நான் இளைச்சுட்டு வர்றேன்.”

கடைசியில் சேவியர் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து ஊற்றினான். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதையே எடுத்துக்கலாம் என்றார்.

வீட்டு கேட் மூன்றரை அடி. டேங்க் நாலு அடி. காம்பவுண்டுச் சுவரில் ஒரு பகுதியை இடித்து, பன்னிரண்டு பேரும் தூக்கி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவர் கட்டிவைத்திருந்த செங்கல் மேடையில் ஏற்றினோம். ஓனரம்மா சமையலறை ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்தார்.

“அடுப்பு எரியற வூட்டுக்குப் பக்கத்துல ஆயிரம் லிட்டர் டீசலா? ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். யோசிச்சுச் சொல்லுய்யா.”

பாய்லர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அங்கேதான் தப்பு செய்தார். ஓனரம்மா இரண்டு நாள் பேசவில்லை, அவர் சோறும் மாடியில் எங்களோடுதான். மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையோடு சமாதானமானது. டேங்கில் தண்ணீர் நிரப்ப வேண்டும். இருபத்தொரு நாள் மட்டம் ஒரு விரல்கூட இறங்கக் கூடாது. அப்படி நின்றால்தான் மற்றதைப் பேசலாம் என்றார் ஓனரம்மா. பாய்லர் உற்சாகமாகச் சம்மதித்தார்.

டேங்கின் பக்கத்தில் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருந்தது. தினமும் காலையில் அதற்குப் பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, தேதி எழுதுவார். ஒருநாள் மோட்டார் நின்றுபோய், கண்ணெல்லாம் சோப்போடு நின்ற சேவியர், “அண்ணாச்சி, ஒரே ஒரு வாளி எடுத்துக்கிடுதேன்” என்று கெஞ்சினான். டெஸ்ட் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவனுக்காக நடக்கிற டெஸ்ட்!

பத்தொன்பதாம் நாள் புயல் அடித்தது. கம்பங்கள் சாய்ந்து கரன்ட் போயிற்று. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், வீடுகளில் கைகழுவத் தண்ணீர் இல்லை. மறுநாள், இருபதாம் நாள் காலை எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடும் கையில் குடத்தோடும் வந்து நாங்கள் இடித்த சுவருக்கு வெளியே நின்றாள். டேங்கைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பாய்லர் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். இன்னும் ஒரே நாள். அது முடிந்தால் அவர் ஜெயித்தார். அந்தக் கோட்டின்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து வால்வைத் திறந்தார்.

“குடிக்க வாணாம்மா. மத்ததுக்கு எடுத்துக்கோ” என்றார்.

சாயங்காலத்துக்குள் தெருவே வந்து போயிற்று. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அடிக்குப் போனதும் பாய்லர் கடைசிக் கோட்டைப் போட்டு, பக்கத்தில் எழுதினார்: ‘மட்டம் குறைவு. காரணம்: மனுஷங்க.’

ஓனரம்மா மனம் இளகிவிட்டார். டேங்க் பாஸ், வேண்டுமானால் டீசல் வாங்கிக்கொள் என்றார். பாய்லர் ஒத்துக்கொள்ளவில்லை. “இருபது நாள் ரீடிங்தான் கீது. இருபத்தொண்ணு இல்ல. ஃபெயில்” என்று சொல்லிவிட்டு, மறுபடி தண்ணீர் நிரப்பினார். நான் அங்கிருந்த காலத்தில் அந்த டெஸ்ட் நாலு தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் முடியப்போகிற நேரத்தில் யாராவது ஒருவர் தன் வீட்டு மோட்டார் கெட்டுப்போய்க் குடத்தோடு வருவார். டீசல் கடைசிவரை வரவில்லை. டிசம்பரில் ஓனரம்மா மூன்று கல் வைத்து, சென்ட்ரிங் பலகையை எரித்து, தவலையில் சேவியருக்கு வெந்நீர் போட்டார். அதை ‘அப்ரூவல் இல்லாத பாய்லர்’ என்று முணுமுணுத்துக்கொண்டே விறகைத் தள்ளிவிட்டது இவர்தான்.

அப்புறம் எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. விருதுநகரில் என் கல்யாணம். பாய்லர் முதல் நாளே பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே சமையற்கட்டுக்குப் போய், கேஸ் ட்யூப்களை எல்லாம் சோப்பு நுரை தடவிச் சோதித்து, இரண்டை மாற்ற வைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்குள் வந்தார். இவர் யார், நமக்கு என்ன உறவு என்று மாமனார் என் காதில் கேட்டார். ஹவுஸ் ஓனர் என்று சொல்ல வாய் வரவில்லை. “பெரியப்பா மாதிரி” என்றேன்.

அந்த ‘மாதிரி’யைச் சேர்த்திருக்க வேண்டாம்.