முக்கால் கோல்

அன்றைக்கு நடந்த பேச்சை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். தங்கை ஹாக்கி மட்டையோடும் முழங்காலில் சேறோடும் உள்ளே வந்தாள். மாமா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இன்னைக்கு ரெண்டு கோல்!"

"எத்தனை நிமிஷம் ஆடின?"

"நாப்பது. அப்புறம் கோச் வெளிய எடுத்துட்டாரு."

"அதுல பெனால்டி கார்னர்ல வந்தது?"

"ஒண்ணு."

"எதிர் டீம் பட்டியல்ல எத்தனாவது?"

"கடைசி. அதுக்கு நான் என்ன பண்ண?"

மாமா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் செய்தித்தாள் ஓரத்தில் கணக்குப் போட்டார். கார்னர் கோல் என்பது மற்றவர்கள் ஏற்பாடு செய்து தந்த கோல், அதைத் தள்ளு. கடைசி டீம் மேல் போட்டது அரை மதிப்பு. நாற்பது நிமிஷத்தில் அரை என்றால் முழு ஆட்டமான அறுபது நிமிஷத்துக்கு?

"நியாயமாப் பார்த்தா நீ போட்டது முக்கால் கோல்."

"அப்போ மிச்சம் ஒண்ணே கால் கோலை யாரு போட்டா?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏன்டா தம்பி, முக்கால் கோல் போட்டவளுக்கு முக்கால் சாப்பாடு போதுமா?"

வாசகர்களே, இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். நான் வைத்திருக்கும் பெயர் வகுத்தல்காரர். முழுசாக ஒரு பொருளை இவர் கையில் கொடுத்தால் முழுசாகத் திரும்பி வராது. என் மாமாவுக்கு மருந்துக் கடை. அரை மாத்திரை, கால் மாத்திரை என்று ஆயுள் முழுக்க உடைத்துக் கொடுத்துப் பழகிய கை, கோலை மட்டும் விட்டுவைக்குமா? "நான் யாரையும் குறைச்சுச் சொல்லலை" என்று ஆரம்பிப்பார். அடுத்த நிமிஷமே ஒருவர் குறைந்திருப்பார். "வெறும் எண்ணிக்கை ஏமாத்தும்பா" என்பார். ஏமாறாமல் இருக்க எண்ணிக்கையோடு எதிரணியின் பலத்தையும், மைதானத்தின் ஈரத்தையும், காற்றடித்த திசையையும், எதிர் கோல்கீப்பருக்கு முந்தின நாள் ஜுரம் இருந்ததா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார். ஜுரம் விஷயம் அவருக்குத் தெரியும். மாத்திரை வாங்கியது இவர் கடையில்தானே!

இத்தனை நுட்பம் தெரிந்தவரைக் கிளப்பின் தேர்வுக் குழுவில் போடாமல் வேறு எங்கே போடுவார்கள்?

மாவட்ட அணிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு ஆள் போகலாம். ஃபார்வர்டு இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பெண் அந்த வருஷம் பதினான்கு கோல் போட்டிருந்தாள். என் தங்கை ஒன்பது. இருவருக்கும் அதுதான் கடைசி வருஷம், அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். அதனால் தங்கை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நெட்டையும் சாப்பிடவில்லை என்று கேள்வி. பெயரைக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

அன்று மூன்று மணிக்கு மருந்துக் கடையின் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகளின் நடுவே, மாமாவும் கோச்சும் உட்கார்ந்தார்கள். குறிப்பு எழுத என்னை ஒரு பெட்டிமேல் உட்காரவைத்தார்கள்.

"பதினாலு பெருசா, ஒம்பது பெருசா? நெட்டைன்னு எழுதும்மா. முடிஞ்சுது" என்றார் கோச்.

"அட, இருய்யா. நியாயம்னு ஒண்ணு இருக்கு இல்ல?" என்றார் மாமா.

கார்னர் கோல்களைத் தள்ளினார்கள். ஜுர கோல்களைப் பாதியாக்கினார்கள். ஆடிய நிமிஷத்தால் வகுத்தார்கள். நான்கு மணிக்குக் கணக்கில் தங்கை முன்னால் வந்தாள். "அவ கம்மியா ஆடினதே மூச்சு வாங்கினதாலதான்யா!" என்று கோச் கொதித்தார். அதுவும் நியாயமாகப் பட்டதால் மாமா அதையும் சேர்த்தார். நெட்டை முன்னால் வந்தாள். தங்கையின் கோல்களில் மூன்று, நெட்டை தள்ளிக்கொடுத்த பந்து. அதில் பாதி நெட்டைக்கு. சரி, அந்தப் பந்து வருவதற்கு முன்னால் ஓடி இடம் பண்ணியது யார்? தங்கை. அதில் பாதி தங்கைக்கு.

மாமாவை நான் குறை சொல்லமாட்டேன். மருமகள் என்று அவர் ஒரு புள்ளிகூடச் சலுகை தரவில்லை. ஓரவஞ்சனைக்காரராக இருந்திருந்தால் நான்கு மணிக்கே முடித்திருப்பார்.

நாலே முக்காலுக்கு இருவரும் சமம்.

"பார்த்தியா, எவ்வளவு கச்சிதம்!" என்று மாமா முகம் மலர்ந்தார். கோச் கடிகாரத்தைப் பார்த்தார். காலி இடத்தோடு இருந்த படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் பாய்ந்தார். அலுவலகத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்களாம். அவர் குனிந்து உள்ளே நுழைந்து, வாயில் வந்த பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் மாற்று கோல்கீப்பரின் பெயர். வாழ்நாளில் ஒரு கோல்கூடப் போடாதவள்.

"ஏன் கோச், அவளை?" என்று கேட்டேன்.

"பூஜ்யத்தை உன் மாமா எதால வகுத்தாலும் பூஜ்யம்தானே. தகராறே வராது" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் தொண்ணூற்றைந்து மார்க் வாங்கியபோது "இந்தத் தடவை பேப்பர் ரொம்ப ஈஸியாமே?" என்று கேட்டது யார்? உங்கள் பையன் அறுபது வாங்கியபோது "ரொம்ப ஸ்ட்ரிக்டாத் திருத்திட்டாங்க" என்றது யார்? காதைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள், பென்சில் இருக்கப்போகிறது.

தங்கை இரண்டு வாரம் மாமாவோடு பேசவில்லை. பதினைந்தாம் நாள், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து மாமா என்னைக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது. தங்கையிடம் மன்னிப்புக் கேட்கத் தூது போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"காலேஜ் டீம்ல நான் ஒரே ஒரு தடவை இறங்கியிருக்கேன். நாலு நிமிஷம். ஒரு கோல். பந்து தானா வந்து மட்டையில பட்டுச்சு, அதை விடு."

பென்சிலை என் பக்கம் நீட்டினார்.

"அறுபது நிமிஷத்துக்கு எத்தனை வருதுன்னு கொஞ்சம் போட்டுச் சொல்லும்மா. நானே போட்டா நியாயமா இருக்காது."