மாத்து சார் அடுக்கிய குடங்கள்

எனக்கு வயசு எழுபத்திரண்டு. பெத்தது நாலு, வளர்த்தது ஏழு. கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதைக் கோணல் இல்லாமல் போடுவேன். பாம்பைப் பார்த்தும் பயந்ததில்லை, மாமியாரைப் பார்த்தும் பயந்ததில்லை. இந்த ஸ்ரீரங்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் காட்டி என்னை நடுங்க வைத்த ஒரே ஆள் மாத்து சார்தான்.

அவர் நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை. எங்கள் தெருவில் மாடி ரூமில் தனியாக இருந்தார். காலேஜ் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் டியூஷன். கலைந்து கிடக்கிற நம்பர்களை வரிசையாக நிறுத்துவதைத் தவிர வேறு பாடம் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

"பக்கத்துப் பக்கத்து ரெண்டை மட்டும் பாரு. பெருசு பின்னால நின்னா மாத்து. இல்லையா, விட்டுட்டு அடுத்த ரெண்டுக்குப் போ!" என்று மாடியிலிருந்து கத்துவார். கோடிக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்று முழுக்க எதையுமே மாற்ற வேண்டாம் என்று ஆனால்தான் நிறுத்தணுமாம். கீழே அரிசி களைகிற எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, ஃபீஸ் கட்டிய பிள்ளைகளுக்கு ஆகவில்லை.

ஒரு நாள் கேட்டேன்: "ஏன் சார், மொத்தமா ஒரு பார்வை பார்த்தா எது பெருசுன்னு தெரிஞ்சுடாதா?"

"உங்களுக்குத் தெரியும்மா. கம்ப்யூட்டருக்கு ரெண்டு ரெண்டாத்தான் தெரியும்."

"பாவம்" என்றேன். அவரும் "பாவம்தான்" என்றார், சிரிக்காமல்.

ரெண்டு பக்கமும் ஆறு ஓடுகிற ஊர். ஆனால் எங்கள் தெருக்கோடிக்கு ஒரே குழாய். விடியற்காலை ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். முந்தின நாள் சாயங்காலமே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வருவோம். விடிந்ததும் 'என் குடத்தை யாருடி தள்ளினா' என்று தலைமுடியைப் பிடிக்காத குறைதான். மாத்து சார் குடிவந்த பிறகு அந்தச் சண்டை நின்றது. எப்படி நின்றது என்பதை ஒரு மார்கழிப் பனியில் நான்தான் முதலில் பார்த்தேன்.

குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு அவர் குழாயடியில் குந்தியிருந்தார். இடது கையில் ஒரு குடத்தின் கழுத்து, வலது கையில் பக்கத்துக் குடத்தின் கழுத்து. ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெருசு" என்று முணுமுணுத்து இடம் மாற்றினார். அடுத்த ரெண்டுக்கு நகர்ந்தார். பதினோரு குடங்களும் ஒரே தள்ளுவண்டிக்காரனிடம் வாங்கியவை. நிறம்தான் வேறே, மற்றபடி ஒன்றுக்கொன்று ஒரு விரல்கடை வித்தியாசம் கிடையாது. அப்புறம் எது பெருசு?

தினமும் அதே வரிசை. நிறத்துக்கும் சேரவில்லை, கதவு நம்பருக்கும் சேரவில்லை. முதல் குடம் பூக்கட்டுகிற ராஜம்மாவுடையது. ரெண்டாவது, பொன்மலை ரயில்வே வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிடையரான தங்கராசுவுடையது. மூன்றாவது என்னுடையது. கடைசியில் எப்போதும் மூடியில்லாத பச்சைக் குடம், அது அவருடையது. யாராவது தாமதமாகக் கொண்டுவந்து வைத்தால், கோடியிலிருந்து ஒவ்வொரு குடமாகப் பின்னுக்கு நகர்த்தி, அதற்கான சந்து வந்ததும் செருகிவிடுவார்.

"எந்த நம்பரை வச்சு சார் அடுக்கறீங்க?" என்று எதிர்வீட்டுப் பத்மா கேட்டாள்.

"நம்பர் இருக்கும்மா. சொல்லக்கூடாது."

தை பிறந்ததும் ராஜம்மா போய்ச் சேர்ந்தாள். மாசியில் தங்கராசு. பத்மா என் வாசலில் வந்து நின்று குரலைத் தாழ்த்தி, "பெரியம்மா, முதல் குடம் போச்சு, ரெண்டாவது குடம் போச்சு" என்றாள். எனக்குக் கணக்குத் தெரியாதா?

மறுநாள் என் சிவப்புக் குடத்தை வீட்டில் வைத்துவிட்டு, மருமகளின் புது மஞ்சள் குடத்தைக் கடைசியில் ஒளித்து வைத்தேன். விடிந்து பார்த்தால் மஞ்சள் குடம் முதலில் நிற்கிறது!

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"கழுத்துல உங்க கோலப்பொடி விரல் இருக்கும்மா."

தெருவே கூடிவிட்டது. யமனுக்குக் கணக்குப்பிள்ளை நம்ம மாடியில் குடியிருக்கிறான் என்றார்கள். வீட்டுக்காரர் அன்றைக்கே அவரிடம், "மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணிடுங்க" என்றார். மனுஷர் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு விட்ட இடத்திலிருந்து பாடம் சொன்னார்.

நான் விடவில்லை. மாடி ஏறினேன். "சார், என்னைப் பின்னால தள்ளுங்க. பேத்தி காதுகுத்துக்கு நான் இருக்கணும்."

"நானா தள்ளக்கூடாதும்மா. நம்பர்தான் தள்ளணும்."

"என் நம்பரையாவது சொல்லித் தொலைங்க!"

"உங்களோடதை உங்ககிட்டச் சொல்லலாம். எழுபத்தாறு."

"எனக்கா எழுபத்தாறு? அறுபது!" என்று கத்தியபோதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அறுபது என்பது தெருவுக்குச் சொன்ன வயசு. நிஜத்தில் அறுபத்தெட்டு. எழுபத்தாறு என்பது, பென்ஷன் கிடைக்கட்டுமே என்று ஆதார் கார்டு எடுத்தபோது எட்டு வயசு கூட்டிச் சொன்னது. அந்த பென்ஷனுக்கு கம்ப்யூட்டரில் மனு போட்டுக் கொடுத்தவரே மாத்து சார்தான். இப்படி ஏதாவது ஒரு மனுவுக்காகத் தெருவில் அத்தனை பேரின் கார்டும் அவர் கைக்குப் போய் வந்தது.

"வயசா சார்? வயசானவங்க முதல்ல தண்ணி பிடிச்சுக்கிட்டுப் போகட்டும்னா?"

"ரொம்ப நேரம் நிக்க முடியாதில்லம்மா."

"இதைச் சொன்னா உங்களை யாரு வெரட்டப் போறாங்க?"

"கார்டுல பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது" என்று அழிரப்பரைத் தேட ஆரம்பித்துவிட்டார். ரூமை விட்டுப் போவாராம், வாயைத் திறக்க மாட்டாராம்.

மறுநாள் காலையில் குழாயடியில் போய் நின்றேன். "இது சாவு வரிசை இல்லடி, வயசு வரிசை!" என்றேன்.

"என்னை விடச் சின்னவ கோமதி. அவ எப்படி எனக்கு முன்னால?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் பொய் வயசைச் சொல்லி வைத்திருந்ததால் எந்தக் கணக்கும் சரிவரவில்லை. வேறு வழியில்லாமல், என் மூன்று வயசையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். இந்த உடம்பில் உயிர் இருக்கும்போது நடக்கும் என்று நான் நினைக்காத காரியம் அது. அப்புறம் கோமதி, "கார்டுல எனக்கு அறுபத்தொண்ணு" என்றாள். "ஐம்பத்தெட்டு" என்றது அடுத்த குரல். பத்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நாப்பத்தேழு" என்றாள். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன், "என்னது, என்னை விட ரெண்டு வயசு பெரியவளா?" என்று துணியைக் கீழே போட்டான்.

வரிசை அச்சாகச் சரியாக இருந்தது. வீட்டுக்காரரும் வாயை மூடிக்கொண்டார். மாத்து சார் மட்டும் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை, ரகசியத்தை உடைத்துவிட்டேனாம்.

அப்படியே நாலு வருஷம் ஓடியது. போன ஐப்பசியில் ஒரு காலை. குடங்கள் வழக்கம்போல வரிசையாக நின்றன. முதலில் பச்சைக் குடம், என்னுடையது ரெண்டாவது.

"சாருக்கு இன்னைக்கு என்ன அவசரம்?" என்று பத்மா சிரித்தாள். நான் அதில் தண்ணீர் பிடித்து, இடுப்பில் வைத்து மாடி ஏறினேன். கதவு சாத்தித்தான் இருந்தது, தள்ளினேன். நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார். தொட்டுப் பார்த்தேன், கை கட்டை மாதிரி விறைத்திருந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நேத்து சாயங்காலமே உயிர் போயிருக்கு" என்றார்.

முந்தின நாள் இருட்டிய பிறகு என் குடத்தைக் கொண்டுபோய் எங்கேயோ ஓரத்தில் வைத்தவள் நான். அதை ரெண்டாவதாக வைத்தது யார்? அந்தப் பச்சைக் குடத்தை மாடியிலிருந்து இறக்கியது யார்? இன்றுவரைக்கும் தெரியாது. பொறாமையில்லாமல் சொல்கிறேன், அடுக்கியவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவருடைய கார்டை எடுத்துப் பார்த்தார்கள். எண்பத்தொன்று. தெருவிலேயே பெரியவர். இத்தனை வருஷமும் எங்கள் எல்லோருக்கும் பின்னால் நின்று, மிச்சமிருந்தால் பிடித்துக்கொண்டு போன மனுஷர்.

இப்போது நான்தான் அடுக்குகிறேன். ரெண்டு ரெண்டாக, மாற்ற வேண்டாத சுற்று வருகிற வரைக்கும். பச்சைக் குடம்தான் முதல். பிடித்த தண்ணீரை அந்த மாடிப்படிக்குக் கீழே முளைத்திருக்கிற துளசிக்கு ஊற்றுகிறேன்.

சுபா, எழுதினது போதும் கண்ணு. முதல்லேர்ந்து ஒரு தரம் படிச்சுக் காட்டு. சார் பேசற இடமெல்லாம் கொஞ்சம் மெதுவாப் படி.